குறைந்த அளவுக் கழிவுக் குழியில் யுரேனியம்: டிரம்முக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதுமா?

பதிவு 1 | கதிர்மானி

கதிரியக்கக் கழிவு டிரம்களை அளந்து சான்று எழுதும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். யுரேனியம் கலந்த கழிவை, குறைந்த அளவுக் கதிரியக்கக் கழிவுக்கென ஒதுக்கப்பட்ட ஆழமற்ற குழிகளில் புதைப்பது பற்றி ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அணுக்கரு இயற்பியலும் நிலத்தடி நீரியலும் அறிந்தவர்கள் இந்தக் களத்தில் இருப்பதால் அதை இங்கே முன்வைக்கிறேன்.

ஒவ்வொரு டிரம்மிலும் யுரேனியம்-235 எத்தனை கிராம் என்று அளக்கிறோம். வரம்புக்குள் இருந்தால் அனுப்புகிறோம். குழியில் அது மற்ற டிரம்களோடு அடுக்கப்பட்டு மண்ணால் மூடப்படுகிறது. மூடிய அன்று அங்கே தொடர்வினை, அதாவது அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பிளந்துகொண்டே போவது, நிகழ வாய்ப்பே இல்லை என்று நான் தயங்காமல் கையெழுத்திடுவேன். ஆனால் இரும்பு டிரம் சில பத்தாண்டுகளில் துருப்பிடித்துப் பிளந்துவிடும். உள்ளே இருக்கும் யுரேனியம்-235இன் அரை ஆயுட்காலமோ 70 கோடி ஆண்டுகள். நான் சான்றில் எழுதிய கிராம் கணக்கு அழியாது, அது இருக்கும் இடம் மட்டும் மாறும். ஆயிரம் டிரம்களில் சிதறிக் கிடந்ததை ஊறி வரும் நீர் கரைத்து, கீழே ஏதோ ஓர் அடுக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தால், டிரம்முக்கு விதித்த வரம்பு எதைக் காக்கும்?

பதிவு 2 | தணிப்பான்

நல்ல கேள்வி. முதலில் எந்த யுரேனியத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்வது அவசியம். பிரிக்காமல் பேசுவதால்தான் இந்த விவாதம் எங்கும் குழம்புகிறது.

இயற்கையில் கிடைப்பதில் யுரேனியம்-235 0.72 விழுக்காடு. செறிவூட்டியதில் அது கூடுதலாக இருக்கும்: மின் உலைகளுக்கு 3 முதல் 5 விழுக்காடு, சில ஆய்வு உலைகளுக்கும் ஆயுதங்களுக்கும் 90க்கும் மேல். செறிவூட்டிய பின் மிஞ்சுவதில் 0.2 அல்லது 0.3 விழுக்காடுதான் இருக்கும். இதை இனி மிச்ச யுரேனியம் என்கிறேன். சாதாரண நீரோடு ஒரே சீராகக் கலந்திருக்கும் யுரேனியம் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், எத்தனை டன் குவித்தாலும் மாறுநிலையை, அதாவது தொடர்வினை தானாகவே நீடிக்கும் நிலையை, எட்டாது. ஆகவே கதிர்மானி எழுப்பும் அச்சம் செறிவூட்டிய யுரேனியத்துக்கு மட்டுமே உரியது. மிச்ச யுரேனியத்தின் ஆபத்து முற்றிலும் வேறு.

செறிவூட்டியதற்கு, வேலைத்தளங்களில் நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் சில எண்கள் உண்டு. தூய யுரேனியம்-235 நீரில் மிகப் பொருத்தமான விகிதத்தில் கலந்து, சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்தாலும், 760 கிராம் வரை மாறுநிலைக்குக் கீழேயே இருக்கும். கரைசலில் லிட்டருக்கு 11.6 கிராம் வரை, கொள்ளளவு எதுவாக இருந்தாலும் அச்சமில்லை. படலமாகப் பரவிக் கிடந்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 0.40 கிராம் வரை அச்சமில்லை. இந்த மூன்றில் எது ஒன்று வரம்புக்குள் இருந்தாலும் போதும். மற்றவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 5 விழுக்காட்டுச் செறிவில் 760 என்பது ஒன்றரைக் கிலோவுக்கும் மேலாக உயர்கிறது.

பதிவு 3 | எளிய வாசகி

தணிப்பான் ஐயா, நான் அறிவியல் ஆசிரியை அல்ல, ஆர்வத்தால் படிப்பவள். 760 கிராம் என்பது ஒரு கிலோகூட இல்லையே! அப்படியானால் புதைத்த இடத்தில் அணுகுண்டு போல வெடிக்கக்கூடும் என்று பொருளா? 'குறைந்த அளவு' என்று பெயர் வைத்த இடத்தில் இப்படி ஒன்று எப்படி வந்து சேர்கிறது?

பதிவு 4 | தணிப்பான்

இல்லை அம்மா, குண்டு போல வெடிக்காது. குண்டுக்கு, மாறுநிலையைப் பலமடங்கு தாண்டிய உலோகத் திரளை ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒன்றுசேர்க்க வேண்டும். மண்ணில் யுரேனியம் சேர்வது நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும். மாறுநிலையைத் தொட்டவுடன் சூடேறும், நீர் ஆவியாகும், நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்துத் தந்த நீர் விலகியதும் வினை தானாக நின்றுவிடும். நீர் திரும்ப ஊறினால் மறுபடி தொடங்கும்.

இது கற்பனை அல்ல. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்னும் சுரங்கத்தின் யுரேனியத்தில் 0.720க்குப் பதிலாக 0.717 விழுக்காடு இருப்பதை 1972இல் பிரெஞ்சு அறிவியலாளர்கள் கண்டனர். அந்தச் சிறு குறைபாட்டின் பின்னால் போனபோது, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இயற்கையே அணு உலைகளை நடத்தியிருந்தது தெரியவந்தது. பாறையில் சிக்கியிருந்த செனான் வாயுவை ஆராய்ந்தவர்கள், சுமார் அரை மணி நேரம் எரிந்து இரண்டரை மணி நேரம் அணைந்து என அந்த உலை சுழன்றதாகக் கணித்தனர். அக்காலத்தில் இயற்கை யுரேனியத்திலேயே யுரேனியம்-235 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. இன்று அது சிதைந்து குறைந்துவிட்டதால் இயற்கையில் இன்னொரு ஓக்லோ உருவாக முடியாது. செறிவூட்டல் என்பது யுரேனியத்தின் வயதை 200 கோடி ஆண்டுகள் பின்னே திருப்பும் செயல் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன். அப்படித் திருப்பியதை மண்ணில் போடும்போது, மண் அதன் பழைய வேலையை மறந்துவிட்டது என்று நம்ப எனக்கு உரிமை இல்லை.

வெடிப்பு நடக்காது என்பதால் ஆபத்து இல்லை என்றும் ஆகிவிடாது. ஜப்பானின் தோக்காய்முராவில் 1999 செப்டம்பர் 30 அன்று, 18.8 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியக் கரைசலை, யுரேனியக் கணக்கில் சுமார் 16 கிலோ, ஒரே தொட்டியில் ஊற்றினார்கள். தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்நீர் உறை நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பியது. வினை ஏறத்தாழ 20 மணி நேரம் விட்டுவிட்டு நீடித்தது. இரண்டு ஊழியர்கள் இறந்தனர். அங்கேயும் எதுவும் வெடிக்கவில்லை.

பதிவு 5 | நீரோட்டம்

நிலத்தடி நீர் வேதியியல் என் துறை. கதிர்மானி கேட்ட "ஓர் அடுக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தால்" என்ற இடத்தைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் யுரேனியத்தைப் பொறுத்தவரை இது அரிதான நிகழ்வு அல்ல. உலகின் யுரேனியத் தாதுப் படிவுகளில் பெரும் பகுதி இப்படித்தான் உருவானது.

யுரேனியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஆக்சிஜன் உள்ள நீரில் அது ஆறு இணைதிற நிலைக்குப் போய், கார்பனேட்டோடு கைகோத்து, நன்றாகக் கரைந்து நீரோடு நடக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தை அடைந்ததும் நான்கு இணைதிற நிலைக்கு இறங்கி, ஏறக்குறைய கரையாத ஆக்சைடாக அங்கேயே படியும். அமெரிக்காவின் வயோமிங்கிலும் தெற்கு டெக்சஸிலும் மணற்கல் அடுக்குகளுக்குள் பிறை வடிவில் கிடக்கும் தாதுக்கள் இந்த எல்லைக்கோட்டில் படிந்தவையே. லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் யுரேனியம் இருந்த நீர், கால நீட்சியில் தாதுவையே கட்டி எழுப்பியிருக்கிறது.

இப்போது ஒரு கழிவுக் குழியை நினைத்துப் பாருங்கள். மேலே மழைநீர் ஆக்சிஜனோடு இறங்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது? மட்கும் காகிதம், மரப்பலகை, துணி, துருப்பிடிக்கும் இரும்பு. இவை அனைத்தும் ஆக்சிஜனைத் தின்பவை. குழியின் ஒரு மூலையில் கரைந்த யுரேனியம் இன்னொரு மூலையில் படிவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் தம் பங்குக்கு யுரேனியத்தை மேற்பரப்பில் பிடித்துவைக்கும்.

ஒரு நேர்மையான எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். நீர், சேர்ப்பதைவிடச் சிதறடிப்பதையே பெரும்பாலும் செய்கிறது. பல திசைகளில் ஓடி, கலந்து, நீர்த்துப்போகும் பாதைகளே அதிகம். ஒரே இடத்தில் குவிவதற்கு நீரோட்டமும் வேதி எல்லையும் நெடுங்காலம் நகராமல் நிற்க வேண்டும். ஆகவே இது ஆயிரமாண்டுக் கணக்கில் எண்ண வேண்டிய விஷயம். ஆனால் யுரேனியத்துக்கு ஆயிரமாண்டு ஒரு பொருட்டே அல்ல என்பதுதான் இங்கே சிக்கல்.

பதிவு 6 | மேட்டுநிலம்

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். 1990களில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இதே கேள்வியை ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திடம் கொடுத்து, மண்ணோடு கலந்து புதைப்பது, கலன்களில் புதைப்பது என இரு வகைக்கும் ஆராயச் செய்தது. ஆராய்வது நல்லதே. ஆனால் விளைவை எடைபோடுங்கள். ஓக்லோ உலைகளின் சராசரித் திறன் 100 கிலோவாட்டுக்குள்தான் என்கிறார்கள். சில மீட்டர் மண்ணுக்கு அடியில் அப்படி ஒன்று நடந்தால், அந்த மண்ணே நியூட்ரானையும் காமாக் கதிரையும் நிறுத்திவிடும். 1995இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர், புதைத்த புளூட்டோனியம் நிலத்தடியில் வெடிக்கலாம் என்று சொல்லி உலகச் செய்தியானார்கள். அதே ஆய்வகத்தின் மற்ற அறிவியலாளர்களே அதை வலுவாக மறுத்தார்கள். அரிதினும் அரிதான ஒன்றுக்காக, மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் தேங்கிக் கிடக்கும் கழிவைப் புதைக்க விடாமல் செய்தால், அது தரைக்கு மேலே கட்டடங்களில் கிடக்கும். அங்கே தீயும் திருட்டும் இன்றைய ஆபத்துகள்.

பதிவு 7 | தணிப்பான்

மேட்டுநிலம் சொல்வதில் கடைசிப் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். புதைக்காமல் வைத்திருப்பது ஒரு தீர்வு அல்ல.

முதல் பகுதியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நேரடிக் கதிரை மண் தடுக்கும். ஆனால் வினை நடக்கும் ஒவ்வொரு நாளும் சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின் எனப் பிளவுப் பொருள்கள் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தாங்க அந்தக் குழி வடிவமைக்கப்படவில்லை. அதைக் கண்காணித்தவர்கள் போய் நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். வெப்பம் நிலத்தடி நீரோட்டத்தையே மாற்றும். அந்த நாளில் அங்கே தோண்டிக்கொண்டிருப்பவரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அவருக்கு மேலே மண் இருக்காது.

பதிவு 8 | பழங்குழி

பழைய புதைகுழிகளைத் திரும்பத் தோண்டும் பணிகளில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் ஆயிரமாண்டுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். குழிகள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

அமெரிக்காவின் கென்டக்கியில் மேக்ஸி பிளாட்ஸ் குழிகள் 1963இல் திறக்கப்பட்டு 1977இல் மூடப்பட்டன. மூடிமண் கீழே அமுங்கி, மழைநீர் புகுந்து, குழிகள் தொட்டிகளாகி நிரம்பின. நியூயார்க்கின் வெஸ்ட் வேலியிலும் அதுவே நடந்தது. நெவாடாவின் பீட்டி பாலைவனப் பகுதி. மழையே அரிது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த இடம். அங்கே 2015 அக்டோபரில் பெய்த மழை, பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்த சோடியம் உலோக டிரம்களைத் தொட்டது. மூடிய குழி வெடித்துத் தீப்பிடித்தது. நீர் வராது என்ற அனுமானத்தின் மேல் எதையும் கட்டக்கூடாது என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யுரேனியத்துக்கும் இப்படி ஒரு குணம் உண்டு. கடைசல் எந்திரத்தில் சீவி விழுந்த மெல்லிய யுரேனியச் சுருள்கள் காற்றுப்பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால் அவற்றை எண்ணெயில் அமிழ்த்தி டிரம்மில் அடைப்பார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் 1998இல் ஒரு பழைய குழியைத் தோண்டியபோது எண்ணெயில் ஊறிய இத்தகைய டிரம்கள் வெளிப்பட்டன. கொலராடோவின் ராக்கி பிளாட்ஸில் அதே ஆண்டில் எடுத்தவையும் அதே வகைதான். எண்ணெய் கசிந்து, உள்ளே சுருள்கள் காய்ந்திருக்கும் ஒரு டிரம்மை மண்ணிலிருந்து தூக்கும் கணத்தில் மூச்சு நின்றுவிடும். தோண்டும் எந்திரப் பக்கெட்டின் பல் தகரத்தில் உரசும் சத்தம் கேட்டதும் எல்லோரும் மணலைக் கையில் எடுப்போம், ஏனென்றால் அந்தத் தீயில் நீரை ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பும்.

பென்சில்வேனியாவில் 1960களில் யுரேனியக் கழிவு புதைத்த பத்துக் குழிகளை இராணுவப் பொறியாளர் படை 2011இல் தோண்டத் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிடச் சிக்கலான பொருள்கள் வெளிப்பட்டதால் சில மாதங்களிலேயே பணியை நிறுத்திவிட்டார்கள். என்ன புதைத்தோம் என்று எழுதிவைக்காத குழி, தோண்டுபவருக்குத் தண்டனை.

பதிவு 9 | நீரோட்டம்

பழங்குழி ஹான்ஃபோர்டைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அங்கே இசட்-9 என்ற குழியில் 1955 முதல் 1962 வரை புளூட்டோனியம் கலந்த திரவக் கழிவை மண்ணுக்குள் விட்டார்கள். கரைசலில் அது மிக நீர்த்தது. ஆனால் மண் அதை மேலடுக்கிலேயே பிடித்துவைத்தது. தொடர்வினை மூளுமோ என்ற கவலையால், 1976-77இல் மேலே 30 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் தோண்டி எடுத்தபோது அதில் 58 கிலோ புளூட்டோனியம் இருந்தது. அது புளூட்டோனியம், இங்கே பேசுவது யுரேனியம், வேதியியல் வேறு. இருந்தும், நீர்த்தது நீர்த்ததாகவே இருக்கும் என்ற நம்பிக்கையை மண் இருபது ஆண்டுகளுக்குள் பொய்யாக்கியது என்பது மறுக்க முடியாதது.

பதிவு 10 | சட்டக்கண்

விதிமுறைகளை வாசிப்பவன் என்ற முறையில், அமெரிக்க விதி எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்று சொல்கிறேன். எளிய வாசகி அம்மையார் கேட்ட "எப்படி வந்து சேர்கிறது" என்பதற்கும் அதுவே விடை.

1982இல் வந்த விதி கழிவை ஏ, பி, சி என வகுத்தது. அதன் அடிப்படை எண்ணம், காலம் கழிவைத் தணிக்கும் என்பது. கோபால்ட்-60க்கு அரை ஆயுள் 5 ஆண்டு, சீசியம்-137க்கு 30 ஆண்டு. 100 ஆண்டு காவல் இருந்தால் ஏ வகை அடங்கிவிடும். சி வகைக்கு 500 ஆண்டு தாங்கும் தடுப்பு வேண்டும். அந்த அட்டவணைகளில் யுரேனியம் இடம்பெறவே இல்லை. அப்போது சிறு அளவு யுரேனியம்தான் வரும் என்று கருதினார்கள். அட்டவணையில் இல்லாதது தானாக ஏ வகை ஆகிவிடும் என்று விதியின் இன்னொரு வரி சொல்கிறது. ஆகவே நூறாண்டுக் காவலுக்கு உரியவற்றோடு, 447 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட யுரேனியம்-238 ஒரே வரிசையில் நிற்கிறது. 2005இல் ஆணையமே மிச்ச யுரேனியம் ஏ வகைதான் என்று உறுதிப்படுத்தியது. ஆனால் இவ்வளவு பெரும் அளவுக்கு அந்த வகைப்பாடு பொருந்துமா என்று ஆராயவும் தன் அலுவலர்களைப் பணித்தது.

செறிவூட்டியதற்குத் தனியே, ஒரு தளத்துக்கு 350 கிராம் யுரேனியம்-235 என்ற கையிருப்பு வரம்பு உண்டு. தவறுதலாக இருமடங்கு சேர்ந்தாலும் 700. தணிப்பான் சொன்ன 760ஐத் தொடாது. சிறந்த வரம்பு. ஆனால் அது தரைக்கு மேலே இருப்பதற்கு மட்டும். புதைத்தது கணக்கிலிருந்து போய்விடும்; அடுத்த 350 உள்ளே வரலாம். இந்தப் போதாமையை உணர்ந்துதான், யூட்டாவின் கிளைவ் புதைதளத்துக்கு 1999இல் கையிருப்பு நிறைக்குப் பதிலாகச் செறிவு வரம்பை, அதாவது கழிவின் ஒரு கிராமில் யுரேனியம்-235 எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பை, விதித்தார்கள்.

சர்வதேச அணுசக்தி முகமையின் வழிகாட்டல் வேறு வழியில் போகிறது. தரையருகே புதைக்கும் கழிவில் நெடுங்கால ஆல்பாக் கதிரியக்கம் சராசரியாகக் கிராமுக்கு 400 பெக்கரல் (நொடிக்கு 400 அணுச் சிதைவுகள்) அளவில் இருக்கலாம் என்கிறது. தூய யுரேனியம்-238 மட்டுமே கிராமுக்கு 12,400 பெக்கரல். 30 மடங்குக்கும் மேல்.

பதிவு 11 | கதிர்மானி

சட்டக்கண் எழுதியதைப் படித்த பிறகு, செறிவு வரம்பும் அளவீட்டை நம்பித்தான் நிற்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யுரேனியம்-235ஐ அதன் 185.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரால் அடையாளம் காண்கிறோம். மிக மென்மையான கதிர் அது. ஒரு மில்லிமீட்டர் யுரேனிய உலோகமே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே தூசியாகப் பரவியிருந்தால் அளவு சரியாக வரும். கட்டியாக இருந்தால் கட்டியின் தோல் மட்டுமே கருவிக்குத் தெரியும். ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒரு டிரம்மின் சீட்டில் 9 கிராம் என்று இருந்தது. சுழல்மேடையில் வைத்துத் திருப்பியபோது, ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணிக்கை மெல்ல ஏறி இறங்கியது. திறந்தோம். மஞ்சளாகிப்போன கையுறைகளுக்கும் பிளாஸ்டிக் உறைகளுக்கும் நடுவே இரு முனையும் அடைத்த ஓர் இரும்புக் குழாய் இருந்தது. முழங்கை நீளம். உள்ளே கறுப்புத் தூள் கல்லாக இறுகியிருந்தது. எடைபோட்டுக் கணக்கிட்டபோது சீட்டில் இருந்ததைப்போல ஐந்து மடங்கு. அதை எழுதியவர் ஏமாற்றவில்லை. அவருடைய கருவி பார்த்ததைத்தான் எழுதினார். அன்றிலிருந்து, ஒரே பக்கம் அளந்த சீட்டை நான் ஏற்பதில்லை.

பதிவு 12 | தணிப்பான்

கதிர்மானி முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது எண்களோடு விடை சொல்ல முயல்கிறேன்.

மிக மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம்: குழியின் ஒரு தூணில் உள்ள யுரேனியம் முழுவதும் நேர் கீழே இறங்கி, ஒரே மெல்லிய படலமாகப் படிகிறது. கழிவின் உயரம் 10 மீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் நிற்கும் தூண் சரியாக ஒரு லிட்டர். படலம் 0.40 கிராமைத் தாண்டக்கூடாது. அப்படியானால் கழிவில் லிட்டருக்குச் சராசரி 0.4 கிராம்தான் இருக்கலாம். 200 லிட்டர் டிரம்முக்கு 80 கிராம். உயரம் 5 மீட்டர் என்றால் 160 கிராம். 350 கிராம் கொண்ட டிரம்களையே 10 மீட்டர் அடுக்கினால், ஒவ்வொரு டிரம்மும் தன்னளவில் பாதுகாப்பானது. தூண் மட்டும் வரம்பைப்போல நான்கு மடங்கு தாண்டிவிடும்.

இது தூய யுரேனியம்-235க்கான கணக்கு. 5 விழுக்காட்டுக்கு இடம் அதிகம். மறுபக்கம், நீர் பக்கவாட்டிலும் ஓடி அகன்ற பரப்பிலிருந்து ஓரிடத்தில் சேர்க்கலாம். தூய மணல், நீரைவிடக் குறைவாகவே நியூட்ரான்களை விழுங்கும். ஆகவே பெருந்திரளில் நீருக்குரிய வரம்பு மணலுக்குப் போதாமலும் போகலாம். கழிவில் நியூட்ரானை விழுங்காமல் தணிக்கும் பெரிலியமோ கிராஃபைட்டோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆகவே டிரம் வரம்பு மட்டும் போதாது. பரப்புக்கு வரம்பு வேண்டும்.

பதிவு 13 | எளிய வாசகி

ஐயா, நியூட்ரானை விழுங்கும் போரானை டிரம்மில் சேர்த்துவிட்டால் தீர்ந்ததல்லவா?

பதிவு 14 | நீரோட்டம்

டிரம் முழுதாக இருக்கும்வரை உதவும் அம்மா. பிறகு போரான் ஒரு வழி, யுரேனியம் இன்னொரு வழி. போரான் சேர்மங்களில் பல யுரேனியத்தைவிட எளிதில் கரைந்து போய்விடும். காவலர் முதலில் ஊரைவிட்டுக் கிளம்புவது போன்றது அது.

நீர் பிரிக்க முடியாத காவல் ஒன்றே ஒன்று: யுரேனியம்-238. வேதியியலுக்கு 235உம் 238உம் ஒன்றேதான். எங்கே கரைந்தாலும் எங்கே படிந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். செறிவூட்டிய கழிவோடு மிச்ச யுரேனியத்தை நன்கு கலந்து, மொத்தச் செறிவை 1 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிவிட்டால், பத்தாயிரம் ஆண்டு கழித்தும் நீர் அதை மீண்டும் உயர்த்த முடியாது. ஒரே டிரம்மில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது போதாது. வேதி வடிவமும் ஒத்திருக்கும்படி கலக்க வேண்டும்.

பதிவு 15 | சட்டக்கண்

அந்த மருந்துக்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். மற்றக் கழிவு நாள்பட அடங்கும். சுத்திகரித்த யுரேனியம் நாள்பட ஏறும். யுரேனியம்-234, தோரியம்-230, ரேடியம்-226 என்ற வரிசை மெல்ல வளர்ந்து, கதிரியக்கம் பத்து லட்சம் ஆண்டுகளைத் தாண்டியும் உயர்ந்துகொண்டே போகும். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு வரும். ஆழமற்ற குழியின் மூடிமண்ணை அரிப்பு மெலிதாக்கிவிட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

கிளைவில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. 2009 டிசம்பரில் தென் கரோலினாவின் சவானா ஆற்று அணு வளாகத்திலிருந்து மிச்ச யுரேனிய ஆக்சைடு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டிரம்களில் அங்கே வந்து இறங்கியது. ஒரு டன்னுக்கு மேல் என்றால் முதலில் 10,000 ஆண்டுக்கான தள மதிப்பீடு வேண்டும் என்று 2010இல் யூட்டா விதி செய்தது. அந்தப் பகுதி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் பானவில் என்னும் பெரும் ஏரியின் அடியில் இருந்தது. ஏரி திரும்பி வந்தால் மேடுகளை அலை கரைக்கும். பாடூகா, போர்ட்ஸ்மவுத் செறிவூட்டல் ஆலைகளில் சேர்ந்த மிச்ச யுரேனிய ஹெக்சாஃபுளூரைடு ஏறத்தாழ 7 லட்சம் டன் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பதிவு 16 | மேட்டுநிலம்

என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். புதைக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கலப்பதற்கு வேண்டிய மிச்ச யுரேனியத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு கிலோவும் ஆழமற்ற குழிக்குப் போகக்கூடாது. பெருந்திரளுக்கு ஆழமான இடம் தேட வேண்டும். 90 விழுக்காட்டுக் கழிவில் ஒரு கிராம் யுரேனியம்-235ஐ 1 விழுக்காட்டுக்கு இறக்க, 100 கிராமுக்கும் மேல் மிச்ச யுரேனியம் வேண்டும். ஆகவே உயர் செறிவுக் கழிவைப் புதைப்பதைவிட அதிலிருந்து யுரேனியத்தை மீட்பதே முறை.

இன்னொன்று: நம்மில் பலர் தொடர்வினையை மட்டும் பேசுகிறோம். கிணற்று நீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது கதிருக்காக அல்ல, சிறுநீரகத்துக்காக. எந்தக் குழியிலும் அந்த வரம்புதான் முதலில் உடையும்.

பதிவு 17 | நீரோட்டம்

முழுமையாக உடன்படுகிறேன். அதனால்தான் குழியைச் சுற்றிய கண்காணிப்புக் கிணறுகளில் மொத்த யுரேனியத்தோடு 235க்கும் 238க்கும் உள்ள விகிதத்தையும் அளக்கச் சொல்கிறேன். விகிதம் இயற்கையின் 0.72 விழுக்காட்டிலிருந்து விலகியிருந்தால் நீரில் வருவது மண்ணின் யுரேனியம் அல்ல, குழியின் யுரேனியம். ஓக்லோவைக் காட்டிக்கொடுத்ததும் இதே எண்தான்.

பதிவு 18 | கதிர்மானி

எல்லோருக்கும் நன்றி. தணிப்பான் ஐயாவின் கணக்கை வைத்து, எங்கள் அனுப்புகைப் படிவத்துக்கு ஒரு திருத்தம் எழுதி இன்று மேலே கொடுத்திருக்கிறேன். டிரம்மின் கிராம் கணக்கோடு நான்கு கட்டங்கள் கூடுகின்றன: செறிவு விழுக்காடு, வேதி வடிவம், எத்தனை பக்கம் அளக்கப்பட்டது, குழியில் எந்தச் சதுர மீட்டரில் எத்தனையாவது அடுக்கில் வைக்கப்பட்டது. கடைசிக் கட்டத்தைப் புதைப்பவர் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் சதுர மீட்டரின் கூட்டுத்தொகை 4 கிலோ யுரேனியம்-235ஐ நெருங்குவதற்கு முன்பே, 2 கிலோவில், அடுத்த டிரம் வேறு இடத்துக்குப் போகும்.

பழங்குழி ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தோண்டும்போது உங்கள் கைக்கு எந்தப் பதிவேடு உண்மையில் வந்து சேர்ந்தது? காகிதமா, நுண்படச் சுருளா, கல்லில் பொறித்ததா?

பதிவு 19 | பழங்குழி

காகிதம். அதுவும் குழியை மூடிய அலுவலகத்தில் அல்ல, டிரம்களை அனுப்பிய இடத்தில் எஞ்சியிருந்த நகல். இரண்டு இடங்களிலும் வையுங்கள். மூன்றாவதை மாநில ஆவணக் காப்பகத்தில் நில ஆவணத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். நிலத்தை வாங்க வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.